லூல்கந்துரவிலிருந்து தவலந்தென்னவுக்கு: பீக்கோ ட்ரெயிலின் ஒதுக்குப்புறத் துண்டை இரண்டு நாளில் நடக்க ஒரு முழு வழிகாட்டி

வெள்ளவத்தையில் இருந்துகொண்டு "மலைக்குப் போகிறேன்" என்று சொன்னால் வீட்டில் வரும் முதல் கேள்வி, "சிவனொளிபாத மலைக்கா?" இல்லை என்றால் அடுத்தது, "அப்ப எல்லவுக்கா?" இரண்டும் இல்லை, கலஹாவில் ஏறி லூல்கந்துர வழியாக நடந்து தவலந்தென்னவில் இறங்கப் போகிறேன் என்றால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு முன்னறைக்கே வந்துவிடுவார். "அங்க என்ன இருக்கு?"

இருப்பது தேயிலை, காடு, புல்வெளி, அட்டை, அப்புறம் நம் மொழி பேசுகிற மனிதர்கள். கடைசியாகச் சொன்னதுதான் இந்த வழிகாட்டியை எழுத வைத்தது. இந்தப் பாதையைப் பற்றிக் கிடைக்கிற குறிப்புகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்காக எழுதப்பட்டவை. அவற்றில் பாதிப் பக்கம், வழி தவறினால் என்ன செய்வது என்பதற்கே போய்விடுகிறது. தமிழ் தெரிந்தவருக்கு அந்தப் பாதிப் பக்கத்தின் தேவை வெகுவாகக் குறையும். ஆனால் கேட்கத் தெரிய வேண்டும், கேட்பதற்கு ஆள் இருக்கிற நாளில் போக வேண்டும்.

எந்தத் துண்டு, ஏன்

பீக்கோ ட்ரெயில் என்பது 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளமான நடைப்பாதை. கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் தொடங்கி, மத்திய மலைநாட்டையும் ஊவாவையும் சுற்றி வளைத்து, நுவரெலியாவில் முடிகிறது. மொத்தம் 22 கட்டங்கள். புதிதாக வெட்டிய பாதை இதில் குறைவு. கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் தோட்டத்துக்குத் தோட்டம் போட்ட வண்டிப் பாதைகளையும் ஒற்றையடிப் பாதைகளையும் ஒன்றோடொன்று தொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நான் சொல்லப்போவது இரண்டாவது, மூன்றாவது கட்டங்களை. கலஹாவிலிருந்து லூல்கந்துர வரை ஒரு நாள், லூல்கந்துரவிலிருந்து தவலந்தென்ன வரை இன்னொரு நாள். முதலாவது கட்டம் கண்டி நகரத்தின் முதுகில் தொடங்குவதால் அதில் ஆட்டோ ஓட்டுநரும் கடையும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்கள். எல்லப் பக்கத்துக் கட்டங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அங்கே தேத்தண்ணிக் கடையைவிட கோப்பிக் கடை அதிகம். லூல்கந்துரவைத் தாண்டினால்தான் இந்தப் பாதை கொஞ்சம் வாயை மூடிக்கொள்கிறது. ஹேவாஹெட்டப் பக்கத்து மலைகளிலிருந்து கொத்மலைப் பக்கத்துக்கு நீங்கள் கடக்கிற அந்த இடைவெளியில் வாகனச் சத்தம் கேட்காது, போனில் கோடுகள் வந்து வந்து போகும், இடையில் களைத்துப்போனால் ஏறிக்கொள்ள பஸ் கிடையாது. ஒவ்வொரு நாளுக்கும் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

எப்போது

இரண்டு கணக்கு பார்க்க வேண்டும். ஒன்று மழை, மற்றது கிழமை.

மழையைப் பொறுத்தவரை பெப்ரவரியும் மார்ச்சும்தான் என் தெரிவு. ஏப்ரலிலும் போகலாம், ஆனால் மத்தியானத்துக்குப் பிறகு இடியும் மின்னலுமாகக் கொட்டும். மேலே திறந்த புல்வெளியில் அந்த நேரத்தில் நிற்கக்கூடாது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை. ஒக்டோபரும் நவம்பரும் கூடவே கூடாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்த மலைகளை என்ன செய்தது என்று நாம் எல்லோரும் பார்த்தோம். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைச்சரிவுகள் அப்படியே வழிந்து இறங்கின. பழைய வரைபடத்தில் கோடாக இருக்கிற பாதை இன்று செம்மண் வடுவாக இருக்கலாம். ஆகவே ஒரு வருடத்துக்கு முன் யாரோ நடந்து பதிவு செய்த ஜி.பி.எஸ் தடத்தை நம்பிப் போக வேண்டாம். ட்ரெயிலின் அதிகாரபூர்வ இணையதளத்தில் அந்தந்தக் கட்டம் திறந்திருக்கிறதா, அனுமதி விதிகள் என்ன என்று புறப்படுகிற கிழமையில் ஒருமுறை பார்த்து, புதிய தடத்தையே இறக்கிக்கொள்ளுங்கள்.

கூடவே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக அறிவிப்பார்கள். மஞ்சள் என்றால் விழிப்பாக இரு என்றுதான் பொருள். என்றாலும், பொழுதுபோக்குக்கு நடக்கப் போகிறவருக்கு மஞ்சளே போதும், பையை அவிழ்த்து வைத்துவிடலாம்.

இனிக் கிழமை. நாம் எல்லோரும் செய்கிற பிழை, சனி ஞாயிறில் போவது. ஞாயிற்றுக்கிழமையும் போயா தினத்திலும் மலையில் ஆள் இருக்காது. மலை என்று தோட்டத்தில் சொல்வது கொழுந்து பறிக்கிற இடத்தை. வேலைநாளில் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது யாரையாவது காண்பீர்கள்: கொழுந்து பறிக்கும் பெண்கள், கவ்வாத்து வெட்டுகிற (செடியைக் கத்தரிக்கிற) ஆண்கள், கான் (மழைநீர் வடிகிற வாய்க்கால்) துப்புரவு செய்கிறவர், கணக்கப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை அதே பாதையில் மூன்று சந்திகளில் யாருமில்லாமல் நின்று போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். வியாழனும் வெள்ளியும் லீவு போட்டுவிட்டுப் போங்கள். சனிக்கிழமை முழுக்க வீட்டில் காலை நீட்டிப் படுக்கலாம், அது தனி லாபம்.

கொழும்பிலேயே முடிக்க வேண்டியவை

கொழும்பு தட்டை. இங்கே என்னதான் நடந்தாலும் தொடைக்கு வேலை வராது. மரைன் டிரைவில் தினமும் ஆறு கிலோமீட்டர் நடக்கிறேன் என்று பெருமையாகச் சொன்ன என் நண்பன், லூல்கந்துர ஏற்றத்தில் இருபதாவது நிமிடம் உட்கார்ந்துவிட்டான். பயிற்சிக்கு மாடிப்படிதான் வழி. உங்கள் தொடர்மாடியில் எட்டு மாடி இருந்தால், முதுகுப் பையில் இரண்டு ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைப் போட்டுக்கொண்டு நான்கு தரம் ஏறி இறங்குங்கள். கிழமைக்கு மூன்று நாள், ஆறு கிழமை. இறங்குவதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், மின்தூக்கியில் இறங்கிவிடாதீர்கள். இரண்டாம் நாள் முழங்கால் அழப்போவது இறக்கத்தில்தான்.

சப்பாத்து புதிதாக இருக்கக்கூடாது. அடியில் பல்லுள்ள சாதாரண ஓட்டச் சப்பாத்தே போதும், கணுக்காலை மூடுகிற கனத்த பூட்ஸ் கட்டாயமில்லை. அதைவிட முக்கியம் அட்டைக் காலுறை, அதாவது முழங்கால் வரை வருகிற நெருக்கமான துணி உறை. புறக்கோட்டையில் முகாம் சாமான் விற்கிற கடைகளில் கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

பையில் என் பட்டியல் சின்னது. மழைச் சட்டை, ஒரு மெல்லிய ஸ்வெட்டர் (மேலே இரவில் கொழும்பைவிடப் பத்துப் பாகையாவது குறைவாக இருக்கும்), தலையில் மாட்டும் டோர்ச், பவர் பேங்க், இரண்டு லீற்றர் தண்ணீர், நான்கு பக்கெட் ஜீவனி (நீரில் கரைத்துக் குடிக்கிற உப்புக் கரைசல் தூள்), பிளாஸ்டர், கிருமிநாசினி, ஒரு பழைய சவுக்காரக் கட்டி. மாற்றுடுப்பு எல்லாவற்றையும் சிலிசிலி பேக்கில் முடிச்சுப் போட்டு உள்ளே வையுங்கள். நீர் புகாத பை என்று விற்கிறதெல்லாம் மலைநாட்டு மழையைக் காணாத பை.

வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே இணையமில்லாமல் திறக்கிற மாதிரி இறக்கி வையுங்கள். பாதையில் போனை விமான நிலையில் வைத்தால் பற்றரி இரண்டு நாளும் தாங்கும், ஜி.பி.எஸ் அதிலும் வேலை செய்யும். கொழும்பில் ஒருவரிடம் நீங்கள் எங்கே ஏறுகிறீர்கள், எங்கே இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குள் அழைப்பு வராவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதை எழுத்தில் கொடுங்கள். 119 பொலிஸ், 1990 சுவசெரிய அம்புலன்ஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம். மூன்று இலக்கங்களையும் போனில் போடுவதோடு ஒரு கடதாசியிலும் எழுதி வையுங்கள்.

தனியாகப் போக வேண்டாம். மூன்று பேர் நல்ல எண்ணிக்கை. ஒருவருக்குக் கால் சுளுக்கினால் ஒருவர் கூட இருக்கலாம், ஒருவர் ஆள் கூட்டி வரலாம்.

கண்டிக்கும் கலஹாவுக்கும்

புதன்கிழமை பின்னேரம் கோட்டையில் ரயில் ஏறிக் கண்டியில் இரவு தங்குவது வசதி. ரயில் ஓடுகிறதா, எதுவரை ஓடுகிறது என்பதை முதலில் விசாரியுங்கள். புயலுக்குப் பிறகு அதைக் கேட்காமல் திட்டம் போடுவது சரியில்லை. இருக்கை கிடைக்காவிட்டால் புறக்கோட்டையிலிருந்து முதலாம் இலக்க பஸ் இருக்கவே இருக்கிறது. 115 கிலோமீட்டர்தான், ஆனால் நெரிசலில் நான்கு மணித்தியாலம் போகும்.

விடியக் காலை கண்டியில் கலஹா பஸ் எங்கே நிற்கும் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். தெல்தோட்டை போகிற பஸ்ஸும் கலஹா வழியாகப் போகும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறுவதற்கு முந்திய பஸ்ஸைப் பிடித்தால் உட்கார இடம் கிடைக்கும். கலஹாவில் இறங்கியதும் கடையில் பருப்பும் பாணும் சாப்பிட்டு, மத்தியானத்துக்கு ரொட்டியும் கட்டச்சம்பலும் சுற்றி வாங்கிக்கொள்ளுங்கள். ஏழு மணிக்குக் கால் நடையில் இருக்க வேண்டும்.

முதல் நாள்: கலஹாவிலிருந்து லூல்கந்துர

இந்த நாள் உடம்பைப் பழக்குவதற்கு. பெரும்பாலும் தோட்டப் பாதை, லொறி போகிற அகலம். வழியெங்கும் லயங்கள் (தொழிலாளரின் வரிசை வீடுகள்), கோயில், பிள்ளைக் காம்பரா (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), கொழுந்து நிறுக்கிற மடுவம். தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்கள் தமிழும் சிங்களமும் கலந்து பேசுகிற ஊர்களோடு பின்னிக் கிடக்கின்றன. அதனால் வணக்கத்தோடு ஆயுபோவனையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேகக் கணக்கு இப்படி: கொழும்புக் கால்களுக்கு ஓய்வும் தேத்தண்ணியும் சேர்த்து மணிக்கு இரண்டரை கிலோமீட்டர். 15 கிலோமீட்டருக்கு ஆறு மணித்தியாலம். ஏழுக்குத் தொடங்கினால் ஒரு மணிக்கு முடியும், இரண்டு மணி மழைக்கு முன்னால் கூரைக்குக் கீழே இருக்கலாம்.

லயத்து வாசலுக்குக் குறுக்காகப் பாதை போகிற இடங்கள் உண்டு. அது அவர்களுடைய முற்றம். பொதுவழி என்று வரைபடம் சொன்னாலும், உடுப்புக் காய்கிற கயிற்றுக்குக் கீழே குனிந்து போகும்போது "அக்கா, இப்படிப் போகலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். கேட்டதற்காகத் தேத்தண்ணி கிடைத்த அனுபவம் எனக்கு மூன்று முறை. கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிறவரை நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம். அவருக்குக் கிலோக் கணக்கு இருக்கிறது, உங்கள் படத்துக்கு நிற்கிற நேரம் அவருடைய கூடையில் குறையும். பிள்ளைகளுக்கு டொஃபி கொடுக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வெளிநாட்டவர் பத்துப் பேர் அதைச் செய்த வழியில் பதினோராவது ஆளுக்கு என்ன வரவேற்பு என்று ஒரு தரம் பார்த்துவிட்டேன்.

லூல்கந்துரவில் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். இலங்கையில் தேயிலை வியாபாரப் பயிராகத் தொடங்கியது இங்கேதான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் பயிரிட்டார். இரண்டே வருடத்தில், 1869இல், கோப்பியில் இலைத்துரு நோய் காணப்பட்டு, பிறகு கோப்பித் தோட்டங்கள் ஒவ்வொன்றாக விழுந்தபோது எல்லோரும் இவர் பக்கம் திரும்பினார்கள். அவர் உட்கார்ந்து மலைகளைப் பார்த்ததாகச் சொல்லப்படும் கல் இருக்கை இன்னும் இருக்கிறது. அதில் உட்கார்ந்தால் ஒன்றன் பின் ஒன்றாக மலை வரிசை விரியும். 1892இல் அவர் இறந்தபோது உடலைக் கண்டி வரை தொழிலாளர்கள் தோளில் சுமந்து போனார்கள். ஆள் பெரிய உடம்பு, இரண்டு அணியாக 24 பேர் முறைமாறித் தூக்கினார்கள். "சாமி துரை" என்று அழைத்தார்களாம். நாங்கள் காலையிலிருந்து பஸ்ஸிலும் காலிலுமாக வந்த தூரம் அது. அந்த 24 பேரில் ஒருவருடைய பெயராவது எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று தேடினேன், கிடைக்கவில்லை.

இரவு

லூல்கந்துரவில் போய் இறங்கி அறை தேடலாம் என்று நினைக்க வேண்டாம். சுற்றுவட்டாரத்தில் வீட்டோடு சேர்ந்த தங்குமிடங்கள் உண்டு, ஆனால் முதலே போனில் பேசி, இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சொல்லி வைக்க வேண்டும். நானும் நண்பர்களும் முதல் தடவை இணையத்தில் பணம் கட்டி உறுதி செய்த ஓர் இடத்துக்குப் போனபோது கதவில் பூட்டுத் தொங்கியது. காவலாளிக்கு எங்களைப் பற்றி எதுவும் தெரியாது. இருட்டுகிற நேரத்தில் ஆட்டோ பிடித்துத் தெல்தோட்டைக்கு இறங்கி, அங்கே தெரிந்தவர் வழியாக ஓர் அறை கிடைத்தது. அதிலிருந்து, தங்கப் போகிற அன்று காலையில் ஒருமுறை அழைத்து, மனிதக் குரல் ஒன்றைக் கேட்ட பிறகுதான் புறப்படுகிறேன். இடம் கிடைக்காவிட்டால் தெல்தோட்டையிலேயே தங்கிவிட்டு விடியக் காலை ஆட்டோவில் திரும்ப ஏறுவது மோசமான திட்டம் இல்லை.

தோட்டக் காணியில் கூடாரம் அடிப்பது வேண்டாம். நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பது ஒன்று, இரவில் காட்டுப்பன்றி வரும் என்பது மற்றொன்று. சிறுத்தையும் இந்த மலைகளில் உண்டு. உங்களைக் கண்டால் விலகித்தான் போகும், ஆனால் அந்திக்கும் விடியலுக்கும் இடையில் அதன் பாதையில் நமக்கு என்ன வேலை?

இரண்டாம் நாள்: ஆளில்லாத பக்கம்

வெளிச்சம் வந்ததும், ஆறரைக்கு, வெளிக்கிடுங்கள். தண்ணீரை இங்கேயே நிரப்புங்கள். வழியில் பீலி காண்பீர்கள், கற்களுக்கிடையில் மூங்கிலோ குழாயோ செருகி விட்டிருக்கும் ஊற்று நீர். லயத்து மக்கள் எடுக்கிற பீலி என்றால் கொதிக்க வைத்துக் குடிக்கலாம். தேயிலை மலைக்குக் கீழே ஓடுகிற ஓடையில் குடிக்க வேண்டாம். மேலே அடித்த உரமும் களைநாசினியும் அதில்தான் வந்து சேரும்.

ஏற்றம் தொடங்கியதும் பாதைகள் மூன்று வகையாகப் பிரியும். ஒன்று லொறிப் பாதை: அகலம், மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும். இரண்டாவது குறுக்கு: தோட்டத்து ஆட்கள் ஏறி இறங்குகிற செங்குத்தான ஒற்றையடிப் பாதை. மூன்றாவது கான் ஓரத்து வரப்பு: பாதை மாதிரியே தெரியும், ஐம்பது மீற்றர் போய்த் தேயிலைச் செடிக்குள் காணாமல் போகும். கொழும்பிலிருந்து வருகிறவர் ஏமாறுவது இந்த மூன்றாவதில்தான். ட்ரெயிலின் அடையாளக் கம்பங்கள் எல்லாச் சந்தியிலும் இல்லை, சில விழுந்தும் கிடக்கின்றன. தரையைப் பாருங்கள். காலடி பட்டுப் பட்டுக் கல் வழவழப்பாகியிருந்தால் அது பாதை. புல் நிமிர்ந்து நின்றால் அது கான்.

ஐந்து நிமிடமாக அடையாளம் எதையும் காணவில்லை, போனிலுள்ள புள்ளியும் கோட்டை விட்டு விலகி நிற்கிறது என்றால் முன்னே போய்ப் பார்க்கலாம் என்ற ஆசை வரும். வேண்டாம். கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்புங்கள். மூடுபனி இறங்கினால் நடப்பதையே நிறுத்திவிட்டு உட்காருங்கள். காலைப் பனி அநேகமாக அரை மணித்தியாலத்தில் கலையும்.

வழி கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. "எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் "இந்தா பக்கந்தான்" என்று பதில் வரும். அந்தப் பக்கம் அரைக் கிலோமீட்டராகவும் இருக்கும், ஆறு கிலோமீட்டராகவும் இருக்கும். மேலே கடைசி மடுவத்தில் கொழுந்து நிறுக்கக் காத்திருந்த ஓர் அம்மாவிடம் கேட்டேன். நெற்றியில் கூடைக் கயிறு அழுத்திய தடம், இடுப்பில் சாக்குப் படங்கு, கையில் பாதி குடித்த சாயத்தண்ணி.

"தவலந்தென்னவுக்கு இதால போகலாமாம்மா?"

"போகலாம். இப்புடியே மேல போனீங்கன்னா ஒரு சின்னக் கோயிலு வரும். கோயிலுக்குக் கீழ எறங்காதீங்க. சாமிக்கு முதுகக் காட்டிக்கிட்டு மேல ஏறுங்க."

"எவ்வளவு நேரம் போகும்?"

"எங்களுக்கு அரை மணித்தியாலம்." என் சப்பாத்தை ஒரு தடவை பார்த்தார். "ஒங்களுக்கு ஒன்றரையாவது ஆகும் தம்பி."

ஒரு மணித்தியாலம் முப்பத்தைந்து நிமிடம் ஆனது. தூரத்தைக் கேட்காமல் நேரத்தைக் கேளுங்கள், "அங்கே என்ன அடையாளம்?" என்று கேளுங்கள், முக்கியமாக "எந்த இடத்தில் பிழை விடுவார்கள்?" என்று கேளுங்கள். கோயிலுக்குக் கீழே இறங்குகிற பாதைதான் அகலமானது. கேட்காமல் போயிருந்தால் நிச்சயம் அதில்தான் இறங்கியிருப்பேன்.

கடைசித் தேயிலை வரிசை முடிந்தால் மரமும் பற்றையும் புல்லும். இங்கே சில மணித்தியாலம் யாரையும் காணாமல் போகலாம். பதினொரு மணிக்குள் மேட்டைத் தாண்டாவிட்டால் திரும்பி விடுவது என்று காலையிலேயே மூவரும் பேசி முடிவு செய்யுங்கள். மேலே நின்றுகொண்டு அந்தப் பேச்சைத் தொடங்கினால் "இன்னும் கொஞ்சம்" என்கிறவர்தான் வெல்வார்.

அட்டையைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் மழைக்குப் பிறகு ஈரப் புல்லில் நூல் நூலாக எழுந்து ஆடும். காலையில் காலை நனைத்துச் சவுக்காரக் கட்டியை நன்றாகத் தேய்த்து அப்படியே காய விட்டு, அதன் மேல் அட்டைக் காலுறையைப் போடுங்கள். இன்னொரு முறை, உப்பைத் துணியில் கட்டி ஒரு தடியின் முனையில் பொட்டலமாகச் சுற்றிக்கொள்வது. கடித்துவிட்டால் அந்த ஈரப் பொட்டலத்தால் ஒரு தொடு, சுருண்டு விழும். உப்பு இல்லாவிட்டால் நகத்தை அதன் வாய்ப் பக்கம் தட்டையாக வைத்து மெல்லத் தள்ளுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கிற பொருளை அது உள்ளே விடுவதால் காயம் நிறைய நேரம் கசியும், பார்க்கத்தான் பயங்கரம். கழுவி, அழுத்திப் பிடித்து, பிளாஸ்டர் போட்டுவிட்டு நடங்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது குளவிக்கு. தோட்டத்தில் குளவி கொட்டி வைத்தியசாலைக்குப் போகிற செய்தி வராத மாதம் குறைவு. வாசனைத் திரவியம் பூச வேண்டாம், நெருப்பு மூட்ட வேண்டாம், பாட்டுப் போட்டுக்கொண்டு போக வேண்டாம். கூடு இருக்கிற மரத்தைத் தோட்டத்து ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். "அந்தச் சவுக்கு மரத்துப் பக்கம் சத்தம் போடாமப் போங்க" என்று யாராவது சொன்னால் அதை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கிளம்பிவிட்டால் கையை வீசி விரட்டாமல், மழைச் சட்டையால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு ஓடுங்கள். படுத்துக்கொள்வது உதவாது. பல இடத்தில் கொட்டியிருந்தாலோ, மூச்சு இழுத்தாலோ, முகம் வீங்கினாலோ உடனே 1990. அந்த அழைப்புக்குக் கோடு கிடைப்பது பள்ளத்தைவிட மேட்டில்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். குளவிக்கு ஒவ்வாமை இருப்பது முன்பே தெரிந்தவர் இந்தத் துண்டுக்கு வர வேண்டாம் என்றே சொல்வேன்.

நாய்களுக்கு ஒரு தடி போதும். ஓடாமல் நின்று, கல் எடுப்பது போலக் குனிந்தாலே பெரும்பாலும் விலகிப்போகும். கடித்தால் பதினைந்து நிமிடம் சவுக்காரம் போட்டு ஓடுகிற நீரில் கழுவி, அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போய் விசர்நாய்க்கடி ஊசியைத் தொடங்க வேண்டும். நாளை கொழும்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக்கூடாது.

இறக்கம்

மேட்டைத் தாண்டினால் காற்றே மாறும். மறுபடி தேயிலை, மறுபடி லயக் கூரைகள். மேகம் விலகினால் கீழே கொத்மலை நீர்த்தேக்கம் ஒரு பச்சைத் தகடு போலக் கிடக்கும். மகாவலித் திட்டத்தில் 1985இல் செயற்படத் தொடங்கிய அணை அது. ஊர்களும் வயல்களும் கோயில்களும் அந்தத் தண்ணீருக்குக் கீழே போயின.

இறக்கத்தில் அவசரப்பட வேண்டாம். குறுக்கில் இறங்கினால் நேரம் மிச்சம், முழங்கால் செலவு. நான் இப்போது ஏற்றத்துக்குக் குறுக்கும் இறக்கத்துக்கு லொறிப் பாதையும் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். மண்சரிந்த இடத்தைக் கடக்க நேர்ந்தால் ஒவ்வொருவராக, பேசாமல், நிற்காமல் கடந்து போங்கள். மண் ஈரமாக இருந்து மேலிருந்து சின்னக் கற்கள் உருண்டுகொண்டிருந்தால் கடக்கவே கூடாது, எவ்வளவு தூரமானாலும் சுற்றிப் போங்கள்.

தவலந்தென்ன என்ற பெயரில் ஒரு பழைய நடை ஒளிந்திருக்கிறது. சிங்களத்தில் தவலம என்றால் பொதிமாட்டுக் கூட்டம். நம் பழந்தமிழில் தாவளம் என்றால் தங்குமிடம். பொதிமாடுகள் நின்று இளைப்பாறிய இடமாக இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். நம் முன்னோரின் நடையோ இதைவிட நீளம். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாக வந்தார்கள், வழியிலேயே பலர் இறந்தார்கள். அவர்கள் வந்த 200 ஆண்டு நினைவாக 2023 ஜூலை, ஆகஸ்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்த வழியை மறுபடி நடந்தார்கள். அதில் போன ஒருவரோடுதான் நான் முதன்முதலில் லூல்கந்துரவுக்கு வந்தேன். இரண்டாம் நாள் காலில் கொப்பளம் வந்து நான் முனகியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஊசியையும் பஞ்சையும் எடுத்துத் தந்தார்.

தவலந்தென்ன கண்டி - நுவரெலியா பெருந்தெருவில் இருக்கிறது. தெருவில் கால் வைத்ததும் கொழும்புக்கு அழைத்து இறங்கிவிட்டோம் என்று சொல்லிவிடுங்கள். கண்டிப் பக்கம் போகிற பஸ் புசல்லாவை, கம்பளை வழியாகப் போகும். கம்பளையில் இறங்கி ரயிலைப் பார்க்கலாம், அல்லது கண்டி வரை போய்க் கொழும்பு பஸ் பிடிக்கலாம். மூன்று மணிக்குள் தவலந்தென்னவில் ஏறினால் அன்றிரவே வீட்டில் சாப்பிடலாம். செம்மண் அப்பிய காற்சட்டையோடு இருக்கையில் உட்காராமல், மழைச் சட்டையைத் திருப்பி விரித்துவிட்டு உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவர் வேலைக்குப் போய் வருகிறவர்.

வீட்டுக்கு வந்ததும் பையை வாசலுக்கு வெளியிலேயே அவிழ்த்து, சப்பாத்தின் நாக்கை இழுத்துத் தட்டி, காலுறையை உப்புத் தண்ணீரில் போடுங்கள். சென்ற முறை நான் அதைச் செய்யவில்லை. மறுநாள் காலை, ஐந்தாம் மாடியில், அம்மாவின் சாமியறை நிலைப்படியில் ஓர் அட்டை நின்று ஆடிக்கொண்டிருந்தது.